மேல்படியைச் சீவாதே

மச்சான்,

ஆறு மாதமாக மூச்சுக் காட்டாதது என் பிழைதான். ஏச்சை நேரில் வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லாரும் சுகம். மாஸ்டருக்கு இன்னும் அதே சைக்கிள்.

இரண்டு படியாகக் கிடக்கும் உன் ஆற்றங்கரைக் காணிக்கு டோசர் விட்டு, மேல்படியையும் கீழ்படியையும் ஒரே மட்டமாக்கப் போகிறாயாம். முற்பணம் கொடுத்திருந்தால் திருப்பி வாங்கு.

இரண்டும் கனகராயன் ஆறு போட்ட மண்தான், வயதுதான் வேறு. மேல்படி ஒருகாலத்தில் வெள்ளம் பாய்ந்த நிலம். ஆறு தன் அடியை அரித்துக் கீழே இறங்கியதும் வெள்ளம் அங்கே ஏறவில்லை. வண்டல் வரவு நின்ற நாளிலிருந்துதான் மண்ணுக்கு வயது ஏறும்.

கீழ்படியில் ஒரு பிடி அள்ளிப் பார், மைக்கா என்ற கனிமச் செதில்கள் பொன்தூள் மாதிரி மினுங்கும். வெட்டுமுகத்தில் வெள்ளத்துக்கு ஒரு வரியாக மணலும் வண்டலும் தெரியும். மேல்படியில் அந்த மினுக்கம் இல்லை. மைக்கா உக்கி, அதிலிருந்த இரும்பு துருவாகி மண்ணைச் சிவப்பாக்கிவிட்டது. வரிகளை வேரும் கறையானும் எப்போதோ கலக்கிவிட்டன. காய்ந்த நிலத்தில் விழும் ஐப்பசி மழை நுண்களியை இழுத்துக்கொண்டு இறங்கும். இரண்டடியில் தண்ணீரைக் காய்ந்த மண் உறிஞ்சிவிட, களி அங்கேயே தங்கும். இப்படி ஆயிரக்கணக்கான மாரி போயிருக்கிறது. பத்து மடங்கு பெருப்பிக்கிற கண்ணாடியால் ஒரு கட்டியைப் பார்த்தால், மெழுகு பூசினமாதிரிக் களித்தோல் தெரியும். அதோடு வெள்ளைப் படிகக்கல்லும் இரும்பு உருண்டையும் சேர்ந்த கிரவல். கறையான் பொடிமண்ணைத்தான் மேலே தூக்கும், கல்லை விட்டுவிடும். கல் கீழே சேர்ந்ததில் அதற்கும் பங்குண்டு.

டோசர் இரண்டடி சீவினால் உனக்கு மிஞ்சுவது இந்தக் களியும் கிரவலும்தான். மாரியில் தண்ணீர் இறங்காது, கோடையில் அலவாங்கும் துள்ளும். சீவின மண் கீழ்படியின் நல்ல வண்டலை மூடும். டோசரின் பாரம் அதையும் இறுக்கும்.

முதலில் படிக்கு ஒன்றாக ஐந்தடிக் கிடங்கு வெட்டு. அரையடியிலும் இரண்டடியிலும் மண் எடுத்து, வேறு வேறு ஒரு லீற்றர் போத்தலில் மூன்றிலொரு பங்கு போடு. தண்ணீரும் அரைத் தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவமும் விட்டு ஐந்து நிமிடம் குலுக்கி வை. ஒரு நிமிடத்தில் மணல் படியும், இரண்டு மணித்தியாலத்தில் வண்டல், களிக்கு ஒருநாளுக்கு மேல். இரண்டடிப் போத்தலில் களி தெளிவாகக் கூடியிருந்தால் அங்கே மட்டப்படுத்துகிற கதையே வேண்டாம், மரமுந்திரிகை வை. மட்டப்படுத்தியே தீருவேன் என்றால் மேலடி மண்ணை ஒதுக்கி, அடிமண்ணைச் சமப்படுத்தி, ஒதுக்கினதைத் திரும்பப் பரப்பு. செலவு கூடும், முகத்தைச் சுளிக்காதே.

இன்னொன்று, இது பகிடியில்லை. உன் காணி இரணைமடுக் குளத்துக்கு மேலே இருப்பதால்தான் இன்னும் வண்டல் வருகிறது. கீழே என்றால் அது குளத்திலேயே தங்கிவிடும். ஆனால் மணல் அள்ள அள்ள ஆற்றின் அடி இறங்கும். கிணறும் கூடவே இறங்கும், வெள்ளம் கீழ்படிக்கும் ஏறாது. ஆயிரம் வருஷத்தில் ஆறு செய்கிறதை மணல் ஏற்றும் உழவு இயந்திரங்கள் பத்து வருஷத்தில் செய்துவிடும். உன் கரையால் ஒன்றையும் இறங்கவிடாதே. மருதமரங்களிலும் கை வைக்காதே.

கிடங்கின் படம் அனுப்பு. பக்கத்தில் அடிமட்டம் வை, போனமுறை மாதிரிச் செருப்பை வைக்காதே.