தகரக் கொட்டிலுக்கும் ஒரு கணக்கு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

2015 ஆம் ஆண்டு நேபாளப் பூமியதிர்ச்சிக்குப் பின்னரான அன்றாட வாழ்க்கை பற்றித் தங்கள் இதழில் வெளியான கட்டுரையை வாசித்தேன். பக்தபூரில் வெடிப்பு விழுந்த செங்கற் சுவர்களுக்குத் தெருவிலிருந்து மரங்களால் முட்டுக்கொடுத்து, ஆண்டுக்கணக்காகச் சனங்கள் அவற்றுக்கு அருகிலேயே புழங்கிவந்ததைக் கட்டுரையாளர் அரசின் அசமந்தத்துக்குச் சாட்சியாக மட்டுமே காட்டியிருக்கிறார். அசமந்தம் இருந்திருக்கலாம், ஆனால் அந்த முட்டுகளை நட்டவர்களின் வேலையையும் அதற்கான செலவையும் அவர் கணக்கில் எடுக்கவில்லை என்பதே என் குறை.

இலங்கையின் வடக்கே, வன்னியில் பூமியதிர்ச்சி எமக்குப் பழக்கமில்லை. 2024 ஜூனில் வவுனியாப் பக்கம் உணரப்பட்டதுகூட 2.3 அளவிலான சிறு அதிர்வுதான். ஆயினும் உடைந்த வீட்டின் முற்றத்தில் தறப்பாள் கட்டிக்கொண்டு, நிற்கிற சுவரை நம்பலாமா இடிப்பதா என்று யோசித்திருப்பது, போர் முடிந்து மீள்குடியேறிய எவருக்கும் தெரிந்த நிலைதான். நேபாளத்தில் அந்த யோசனை இன்னும் கடினமாயிருந்தது. ஏப்ரல் 25 இல் 7.8 அளவில் குலுங்கிய நிலம், மே 12 இல் 7.3 அளவில் மறுபடியும் குலுங்கியதால், துணிந்து வீட்டுக்குள் போனவர்களும் வெளியே ஓடிவர நேர்ந்தது. மண் சாந்தில் கட்டிய கற்சுவர் ஒருமுறை பிரிந்தால், வெளியே நேராகத் தெரிந்தாலும் உள்ளே பிடிப்பு இராது. அனுபவமுள்ள மேசன் ஒருவர் தூக்குக்குண்டு பிடித்து, தட்டிப் பார்த்துச் சொல்லும் ஒரு சொல், அந்த நேரத்தில் ஒரு மூட்டை அரிசியைவிடப் பெரிய உதவி.

மழைக்காலம் நெருங்கியபோது நேபாள அரசு தற்காலிகக் கொட்டிலுக்கென 15,000 நேபாள ரூபாய் கொடுத்தது. தகரம் மலைக்கிராமங்கள் வரை போய்ச் சேர்ந்தது. இதைக் கட்டுரையாளர் ஏளனமாகவே குறிப்பிடுகிறார். தறப்பாள் ஒரு வெயிலுக்கும் ஒரு மாரிக்கும் மேல் தாங்காது; தகரத்தையோ கழற்றித் திரும்பவும் போடலாம். எங்கள் பக்கத்தில் மீள்குடியேற்றத்தின்போது கிடைத்த தகரம் இன்றைக்கும் குசினிக்கும் கோழிக்கூட்டுக்கும் கிணற்றடி மறைப்புக்கும் நிற்கிறது. ஆனால் அதற்குப் பக்குவம் வேண்டும். ஆணியைத் தகரத்தின் பள்ளத்தில் அடித்தால் தண்ணீர் நேரே உள்ளே இறங்கும், மேட்டில்தான் அடிக்கவேண்டும். பழைய ஆணி ஓட்டைகளைச் சீலைத் துண்டில் தார் தோய்த்து அடைத்து, புதிய ஆணிக்குச் சைக்கிள் ரியூப்பை வட்டமாக வெட்டிக் கொடுத்தால் ஒழுக்கு நிற்கும். மத்தியான வெக்கைக்கு மேலே கிடுகு பரப்புவார்கள். காற்றுக்குக் கூரை கிளம்பாதிருக்க நேபாளத்தில் கல் ஏற்றினார்கள். நாங்கள் கம்பியால் கூரை வளை மரத்தோடு இழுத்துக் கட்டினோம்.

நிரந்தர வீட்டுக்கு நேபாளத்தில் 3 இலட்சம் நேபாள ரூபாயும், இங்கே இந்திய அரசின் உதவியில் நடந்த இந்திய வீட்டுத் திட்டத்தில் ஐந்தரை இலட்சம் இலங்கை ரூபாயும் தவணை தவணையாகத்தான் கிடைத்தன. அத்திவாரம் முடிந்தால் அடுத்த தவணை என்ற முறையில் எனக்கு எதிர்ப்பில்லை. பணம் வேறு வழியில் போகாமல் அது தடுத்தது. ஆனால் வீடு எழும்பும்வரை குடும்பம் இருக்கும் கொட்டிலின் வளை உளுத்தாலும் தகரம் பறந்தாலும், அதைத் திருத்துவதற்கென்று படிவத்தின் எந்த வரியிலும் ஒரு சதம் எழுதப்படவில்லை. சனங்கள் சீமெந்துக்கு வந்த காசில் கைவைத்தார்கள், பிறகு வேலை பிந்திவிட்டது என்று அதிகாரிகளிடம் ஏச்சும் வாங்கினார்கள்.

ஆகவே புயலோ வெள்ளமோ எதுவானாலும், இனிமேல் இழப்பீட்டுப் படிவம் தயாரிக்கும் அதிகாரிகள் தற்காலிகத் திருத்த வேலைக்கென ஒரு சிறு தொகையைத் தனியே ஒதுக்கி, அதை முதற் தவணைக்கு முன்னரே கொடுக்கவேண்டும் எனத் தங்கள் இதழ் மூலம் கேட்டுக்கொள்கிறேன். அந்தந்தக் கிராமத்து மேசன்மாருக்கும் ஓடாவிமாருக்கும் நாட்கூலி கொடுத்து வீடு வீடாக அனுப்பினால், எந்தச் சுவரை விடலாம், எதை இறக்கவேண்டும் என்பதும் அதே கையோடு தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஒட்டுசுட்டான்.