சவுண்டலுக்கு இரண்டு மழை கொடுங்கள்

தீவன மரக்கன்று வழங்கும் அலுவலர்களுக்கு,

வணக்கம். விருதுநகர் பக்கம் மானாவாரிக் காட்டில் பதினெட்டு வெள்ளாடுகளை வைத்துப் பிழைப்பவன் எழுதுகிறேன். ஆட்டுத் தீவனத்துக்கு நீங்கள் கொடுக்கிற சவுண்டல் (சூபாபுல்) கன்றில் குறையில்லை. கன்றோடு கொடுக்கிற துண்டுத்தாளோடுதான் எனக்கு வழக்கு.

நட்ட 6 மாதத்தில் முதல் அறுப்பு, பிறகு 40 நாளுக்கு ஒருமுறை என்று எனக்குக் கிடைத்த தாளில் இருந்தது. கிணற்றில் தண்ணீர் கிடக்கிறவருக்கு அது பொருந்தும். நான் ஐப்பசி மழையில் நட்டேன். விரல்விட்டு எண்ணிப் பாருங்கள், ஆறு மாதம் கழிந்தால் எந்த மாதம்? சித்திரை. மண் வெடித்துக் கிடக்கிற நேரம். ஆடுகளும் பசியில் கத்த, தாளை நம்பி அரிவாளை எடுத்தேன். நாற்பது கன்றில் பாதிக்கு மேல் மறுபடி துளிர்க்கவே இல்லை.

பக்கத்துக் காட்டு அண்ணன் அதே மழையில் நட்டுவிட்டு திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். சுற்றி முள் அடைத்ததோடு சரி. சோம்பேறி என்று ஊரே பேசியது, நானும்தான். இரண்டு வருடம் கழித்து வந்து வெட்டினார். இன்றைக்கும் குழை ஒடிக்கிறார்.

காரணம் ஒன்றும் மாயமில்லை. இலை முழுவதையும் கழித்துவிட்டால், மரம் வேரிலும் தூரிலும் சேர்த்துவைத்ததைச் செலவழித்துத்தான் துளிர்க்க வேண்டும். ஆறு மாதக் கன்றில் என்ன சேர்ந்திருக்கும்? வேரும் இன்னும் ஈரம் நிற்கிற ஆழத்துக்கு இறங்கியிருக்காது. வேளாண்மைப் பல்கலைக்கழகக் குறிப்பிலேயே இது இருக்கிறது: வறட்சிப் பகுதியில் வேர் ஆழமாக இறங்க 2 வருடம் வளரவிட்ட பிறகுதான் வெட்டத் தொடங்க வேண்டும். மற்ற இடங்களிலும் அடித்தண்டு 3 செ.மீ. பருமன் ஆகியிருக்க வேண்டும், அல்லது ஒருமுறை காய்த்து விதை விட்டிருக்க வேண்டும். அடுத்தடுத்த அறுப்புக்கும் வளர்ச்சியைப் பார்த்து 40 முதல் 80 நாள் என்றுதான் சொல்கிறது. துண்டுத்தாளில் இடமில்லை என்று யாரோ சுருக்கியதில் எங்கள் பாதிதான் விழுந்துபோயிருக்கிறது.

ஆகவே தாளை மாற்றி அச்சடியுங்கள். மாதக் கணக்கு வேண்டாம், மழைக் கணக்காகச் சொல்லுங்கள்: நட்ட மழை போக இன்னும் இரண்டு வடகிழக்குப் பருவமழை குடித்த பிறகு, தண்டு மண்வெட்டிக் காம்புப் பருமன் வந்தபிறகு, இடுப்பு உயரத்தில், அதாவது 90 முதல் 100 செ.மீ. விட்டு வெட்டலாம். அதன்பிறகும் வருடத்தின் பெரிய அறுப்பு மழை முடிந்து மண்ணில் ஈரம் இருக்கும்போதே, மார்கழியிலோ தையிலோ நடக்கட்டும். வெயில் ஏறினால் இலை தானாகவே உதிர்ந்து வீணாகும். அதற்கு முன்னால் வெட்டி நிழலில் உலர்த்தி மூட்டை கட்டினால் கோடைக்கு ஆகும். வெட்டத் தொடங்கிய பிறகு காய் முற்றவும் விடக்கூடாது. விதை சிதறினால் பக்கத்துக் காட்டுக்காரர் சண்டைக்கு வருவார்.

இன்னொன்றையும் சேருங்கள். இளந்தளிரில்தான் மைமோசின் என்ற நச்சு அதிகம். அவசரப்பட்டுப் பிஞ்சிலே வெட்டி அதையே வயிறு நிறையப் போட்டால் ஆட்டுக்கு மயிர் கொட்டும். மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம் என்று எழுதுங்கள். மீதிக்கு வெள்வேல் நெற்று இருக்கிறது, வேப்பங்குழை இருக்கிறது.

முதல் வருடம் கன்று உயிரோடு இருக்கிறதா என்று போட்டோ எடுக்க வருகிறவர்கள், மூன்றாம் வருடமும் ஒருமுறை வந்து போங்கள். மரம் இருக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும். இரண்டு வருடம் வெட்டாமல் காத்திருப்பவனுக்கு வேலி முள்ளுக்காவது ஏதாவது செய்ய முடியுமா என்றும் யோசியுங்கள். ஆட்டுக்குத் தாள் படிக்கத் தெரியாது, எட்டினால் கடித்துவிடும்.

இந்த வருடம் கன்று புரட்டாசிக்குள் வந்து சேர்ந்தால் எனக்கு முப்பது வேண்டும். தை மாதம் கொண்டுவந்து இறக்கினால் வேண்டாம்.

இப்படிக்கு,
மானாவாரிக் காட்டு ஆட்டுக்காரன்