கூட்டுமா, மாற்றுமா? சோலார் போட்டுத் தருபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வீடுகளுக்கு சோலார் விற்பவர்களுக்கும் பொருத்தித் தருபவர்களுக்கும்,

வணக்கம். நான் எலக்ட்ரீஷியன் இல்லை. மாடியில் 540 வாட் பேனல் ஆறு, மாடிப்படிக்குக் கீழே 5 கேவிஏ இன்வெர்ட்டர் ஒன்று, 150 ஏஎச் (ஆம்பியர்-மணி) டியூபுலர் பேட்டரி நான்கு என்று வைத்திருக்கும் வீட்டுக்காரன். வாங்கும்போது நான் கேட்டது ஒரே கேள்விதான்: "மோட்டார், இண்டக்ஷன் அடுப்பு எல்லாம் சேர்த்துப் போட்டால் தாங்குமா?" "இது ஹைபிரிட் சார். பத்தாததை ஈபியிலிருந்து எடுத்துக்கொள்ளும்" என்றார் உங்களில் ஒருவர்.

ஈபியிலிருந்து எடுத்தது உண்மைதான். ஆனால் பத்தாததை மட்டும் எடுக்கவில்லை, எல்லாவற்றையும் எடுத்தது.

சித்திரை வெயில், காலை 11 மணி. அடுப்பு 1,800 வாட், 1 எச்பி மோட்டார் 1,100, இஸ்திரிப் பெட்டி 1,000, ஃப்ரிட்ஜ், ஃபேன், டிவி எல்லாம் சேர்ந்து ஒரு 500. மொத்தம் 4,400 வாட். என் இன்வெர்ட்டர் 5 கேவிஏ என்றாலும் பவர் ஃபேக்டர் (கேவிஏவில் நிஜமான வாட்டாகக் கிடைக்கும் பங்கு) 0.8, அப்படியென்றால் 4,000 வாட்தான். (கேவிஏவைப் பெரிய எழுத்தில் போட்டு வாட்டைப் பின்பக்க ஸ்டிக்கரில் வைக்கும் பழக்கத்தை எப்போது விடப்போகிறீர்கள்?) ஆக 400 வாட் கூடுதல். அந்த 400 மட்டும் ஈபியிலிருந்து வரும் என்று நினைத்திருந்தேன். பீப் பீப் என்று கத்திவிட்டு உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். 4,400 வாட்டும் ஈபிக்குப் போய்விட்டது. பேட்டரி ஏற்கெனவே நிரம்பியிருந்ததால் பேனல்களுக்கு வேலையே இல்லை. அவ்வளவு வெயிலும் சும்மா காய்ந்துகொண்டிருந்தது.

அந்த 'டக்' ஒரு ரிலே. வீட்டு லைனை இன்வெர்ட்டரிலிருந்து கழற்றி ஈபியில் மாட்டும் வேலையை 10, 20 மில்லிசெகண்டில் முடித்துவிடுகிறது. இன்வெர்ட்டர் மெனுவில் எஸ்பியு என்று இருப்பதும் இந்த வகைதான்: முதலில் சோலார், பிறகு பேட்டரி, கடைசியில் ஈபி. அது ஒரு வரிசை. சோலார் பத்தாவிட்டால் பேட்டரி கைகொடுக்கும். ஆனால் அவை இரண்டும் நகர்ந்தால்தான் ஈபி வரும். இதில் ஈபியோடு சேர்த்துக் கூட்டுவது என்பதே கிடையாது. என் பழைய யூபிஎஸ்ஸும் இதைத்தான் செய்துகொண்டிருந்தது.

நிஜமாகவே கூட்டும் இன்வெர்ட்டர் வேறு மாதிரி. ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கும் ஊஞ்சலைத் தள்ள வேண்டுமென்றால் அதன் ஆட்டத்தைப் பார்த்துத்தானே கை வைக்க வேண்டும்? ஈபியின் 230 வோல்ட் விநாடிக்கு 50 முறை ஆடுகிறது. அந்த ஆட்டத்தோடு ஒத்துப்போன பிறகே இன்வெர்ட்டர் தன் கரண்ட்டை உள்ளே விடும். வோல்டேஜைத் தாங்கிப்பிடிப்பது ஈபி. இன்வெர்ட்டர் தன் பங்குக்கு இத்தனை ஆம்பியர் என்று ஊற்றிக்கொண்டே இருக்கும். மீதியை எங்கிருந்து எடுப்பது என்று எந்தக் கருவியும் யோசிக்க வேண்டாம். குறைகிற ஆம்பியர் தானாகவே ஈபி லைனிலிருந்து வந்துவிடும். எனக்கு இதைப் புரிந்துகொள்ள ஒரு மாதமும், ஒயரைச் சுற்றி மாட்டிக் கரண்ட் அளக்கும் ஒரு கிளாம்ப் மீட்டரும் தேவைப்பட்டன. அன்றைய என் லோடு அப்படிப்பட்ட இன்வெர்ட்டரில் ஓடியிருந்தால், பேனலிலிருந்து 2,200 வாட், பேட்டரியிலிருந்து 1,800, ஈபியிலிருந்து வெறும் 400 என்று போயிருக்கும்.

பேட்டரியின் கதை இன்னும் மோசம். மேகம் மறைத்தால் 4,000 வாட்டையும் அதுதான் தர வேண்டும். பேட்டரி நான்கும் சேர்ந்த 48 வோல்ட்டில் அது 83 ஆம்பியர். இன்வெர்ட்டரின் சொந்த நஷ்டத்தையும் சேர்த்தால் 90ஐத் தொடும். 150 ஏஎச் என்று மேலே எழுதியிருப்பது பத்து மணி நேரம் 15 ஆம்பியர், அல்லது இருபது மணி நேரம் ஏழரை ஆம்பியர் என்ற கணக்கில்தான். 90 ஆம்பியர் இழுத்தால் பாதிக்கு மேல் சார்ஜ் இருக்கும்போதே வோல்டேஜ் தொங்கிவிடுகிறது. இன்வெர்ட்டர் பேட்டரி தீர்ந்துவிட்டதென்று நினைத்து ஈபிக்குத் தாவும். சுமை இறங்கியதும் வோல்டேஜ் நிமிரும். பேட்டரிக்குத் திரும்பி வரும் வோல்டேஜை, ஈபிக்குத் தாவும் வோல்டேஜுக்கு நெருக்கமாக நீங்கள் செட் செய்துவிட்டுப் போயிருந்தால் மறுபடியும் பேட்டரிக்கு வரும், மறுபடியும் தாவும். ஒரு மதியம் முழுக்க 'டக்', 'டக்' என்று கேட்டுக்கொண்டிருந்தேன். கூட்டும் வகையில், பேட்டரி 40 ஆம்பியருக்கு மேல் தரக்கூடாது என்று வரம்பு வைத்துவிடலாம். மிச்சத்தை ஈபி பார்த்துக்கொள்ளும், பேட்டரியும் கூடுதல் காலம் உழைக்கும்.

அப்புறம், கரண்ட் போய் வந்த ஓர் இரவு. வந்த நொடியில் ஏசி, ஃப்ரிட்ஜ் எல்லாம் ஈபியில் ஏறின; கூடவே காலியான பேட்டரியும் 60 ஆம்பியர் கேட்டது. 54 வோல்ட்டில் அது மட்டுமே 3,240 வாட். எம்சிபி (லோடு கூடினால் தானாக விழும் ஸ்விட்ச்) விழுந்தது. தூக்கிவிட்டேன், விழுந்தது. ஈபி சார்ஜிங்கை 15 ஆம்பியராகக் குறைத்ததும் பிரச்சினை தீர்ந்தது. மெனுவில் ஒரு நிமிட வேலை. பொருத்திய அன்றே செய்திருக்கலாம் இல்லையா?

மூன்று பேஸ் வீடுகளில் இன்னொரு வேடிக்கை உண்டு. சிங்கிள் பேஸ் இன்வெர்ட்டர் ஒரு பேஸில் இருக்கும், ஹீட்டர் வேறு பேஸில் இருக்கும். ஒன்றின் கரண்ட் மற்றொன்றுக்குப் போகாது. எது எந்த பேஸ் என்று போர்டில் ஒரு ஸ்டிக்கராவது ஒட்டிவிட்டுப் போங்கள். கரண்ட் எந்தப் பக்கம், எவ்வளவு போகிறது என்று இன்வெர்ட்டருக்குச் சொல்ல மெயின் ஒயரில் மாட்டும் சிடி கிளாம்பையும் அம்புக்குறி பார்த்து மாட்டுங்கள். திருப்பி மாட்டினால் ஈபியிலிருந்து வருவதை, வெளியே போவதாக அது கணக்குப் போடும்.

மானியத்தைச் சொல்லி விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் கிடைக்கிறது, நல்ல விஷயம். ஆனால் ஈபியோடு இணைந்து மட்டுமே ஓடும், பேட்டரி இல்லாத ஆன்கிரிட் இன்வெர்ட்டர் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். நம் வீட்டுக் கரண்ட் லைனில் ஏறிவிடக்கூடாது என்று, கம்பத்தில் வேலை செய்கிற லைன்மேனின் உயிருக்காக அப்படி வைத்திருக்கிறார்கள். அதை விற்கும்போது "கரண்ட் போனாலும் ஓடும்" என்று சொல்லாதீர்கள். கூட்டும் வகை இன்வெர்ட்டருக்கும் கைகொடுக்க ஈபி இருந்தால்தான் கூட்டல். கரண்ட் போனால் அதன் சொந்த வாட் எவ்வளவோ அவ்வளவுதான். அன்றைய 4,400 வாட்டுக்கு அதுவும் கைவிரித்திருக்கும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. கொட்டேஷனில் 'ஹைபிரிட்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில், லோடு கூடினால் ஈபியோடு கூட்டுமா, ஈபிக்கு மாற்றுமா என்று எழுதுங்கள். தொடர்ந்து எத்தனை வாட் தரும், ஈபியிலிருந்து எத்தனை ஆம்பியரைத் தன் வழியாக விடும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். மாற்றும் வகைதான் விலை குறைவு என்றால் அதையும் சொல்லுங்கள். ஃபேன், லைட் மட்டும் போடுகிற வீட்டுக்கு அதுவே போதும். நானே என் மாமனாருக்கு அதைத்தான் வாங்கச் சொன்னேன்.

தங்கை வீட்டுக்கு இந்த மாதம் மூன்று கொட்டேஷன்கள் வருகின்றன. அந்த ஒரு வரி இல்லாததைத் திருப்பி அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஆறு பேனல் வீட்டுக்காரன்