தமிழ்நாட்டுப் பள்ளிகள் மூடுமுன் ஏற்காடு போய் வாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஏப்ரல் பிறந்தாலே பெங்களூருத் தமிழ்க் குடும்பங்களில் ஊட்டி, கொடைக்கானல் பேச்சுதான். அந்த இரண்டு ஊருக்கும் 2024 மே முதல் இ-பாஸ் எடுக்க வேண்டும். மறு வருடக் கோடையில் வண்டிகளின் எண்ணிக்கைக்கே நீதிமன்றம் வரம்பு வைத்தது. சீசனில் அங்கே அறை வாடகையைச் சொல்லவே வேண்டாம். இங்கிருந்து சுமார் 230 கிலோமீட்டரில், ஐயாயிரம் அடி உயரத்தில், ஊர் நடுவே ஏரியை வைத்துக்கொண்டு ஏற்காடு இருக்கிறது. நான்கு பேர் கொண்ட குடும்பம் கையைக் கடிக்காமல் இரண்டு இரவு தங்கி வரலாம். ஆனால் எந்தத் தேதியில் போகிறோம் என்பதில்தான் செலவு பாதியாவதும் இரட்டிப்பாவதும்.

பெங்களூருக்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. பலர் அதைக் கவனிப்பதில்லை. கர்நாடகத்தில் பெரும்பாலான பள்ளிகள் ஏப்ரல் இரண்டாவது வாரத்திலேயே மூடிவிடுகின்றன. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அப்போது முழுஆண்டுத் தேர்வு எழுதிக்கொண்டிருப்பார்கள். சித்திரைப் பிறப்பை ஒட்டிய விடுமுறைக் கூட்டம் இறங்கியதும், அடுத்து வரும் திங்கள் முதல் வியாழன் வரை மலையில் நெரிசல் இருக்காது. அறை வாடகையைப் பேசிக் குறைக்கலாம். படகுத்துறையில் வரிசையும் இருக்காது. மே மாதம் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் வந்துவிட்டால் கதை வேறு. பூ பார்க்கத்தான் போகிறேன் என்பவர்கள் தாராளமாகப் போகட்டும். மற்றவர்கள் தள்ளி நிற்பது நல்லது. இன்னொரு வாய்ப்பு தசரா விடுமுறையின் பின்பாதி. தமிழ்நாட்டில் காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்திருக்கும். ஆனால் அக்டோபர் மூன்றாம் வாரத்துக்கு மேல் வடகிழக்குப் பருவமழையை நம்ப முடியாது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றுபோனது. எந்த மாதமானாலும் சனி, ஞாயிறு வேண்டாம். சேலம், ஈரோடு, நாமக்கல்லிலிருந்து காலையில் ஏறி மாலையில் இறங்கும் வண்டிகளால் ஏரியைச் சுற்றியுள்ள சாலைகள் அடைத்துக்கொள்ளும்.

போகும் வழியில் எங்கள் ஓட்டு ரயிலுக்கு. எர்ணாகுளம் இன்டர்சிட்டி காலை ஆறு மணி சுமாருக்குப் பெங்களூரிலிருந்து கிளம்பி, ஓசூர், தருமபுரி வழியாகப் பத்து மணி வாக்கில் சேலம் ஜங்ஷனில் இறக்கிவிடும். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கும். பழைய 120 நாள் கணக்கில் இருப்பவர்கள் கவனிக்கவும். ஜங்ஷனிலிருந்து டவுன் பஸ்ஸிலோ ஆட்டோவிலோ புதிய பஸ் நிலையம் போனால் ஏற்காடு பஸ். மலையில் ஏற ஒன்றேகால் மணி நேரம் ஆகும். கழிப்பறை வேலையைச் சேலத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள், நடுவழியில் வண்டி நிற்காது.

மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். குழந்தைகள் வாந்தி எடுப்பது இங்கேதான். வயிறு நிறைய பூரி, பொங்கல் கொடுத்து ஏற்றினால் ஏழெட்டு வளைவு தாங்காது. இரண்டு இட்லி போதும். வெறும் வயிறும் ஆகாது. வாந்தி மாத்திரையை டாக்டரிடம் கேட்டு, மலையேற ஒரு மணி நேரம் முன்பே கொடுக்க வேண்டும். குமட்டல் வந்த பிறகு போட்டால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வந்துவிடும். முன்பக்கத்து இருக்கை பிடித்து, பிள்ளைகளை எதிரே இருக்கும் சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள். கையில் செல்போன் இருந்தால் எந்த மாத்திரையும் கேட்காது.

காரில் போகிறவர்கள் இரண்டு இடங்களில் கவனமாக இருக்க வேண்டும். ஒன்று, தருமபுரி தாண்டியதும் வரும் தொப்பூர் இறக்கம். பாரம் ஏற்றிய லாரிகள் அங்கே பிரேக் பிடிக்காமல் வருவது புதிதல்ல. லாரிக்கு முன்னால் மெதுவாகப் போய்க்கொண்டிருக்காதீர்கள். ஒதுங்கி அதை முதலில் விட்டுவிடுங்கள். இன்னொன்று, ஏற்காட்டிலிருந்து திரும்பும் இறக்கம். ஏறும்போது எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில்தான் இறங்க வேண்டும். மூன்றாம் கியரில் விட்டுவிட்டு பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால், பாதி மலையில் கருகிய வாடை வரும், பெடல் மெத்தென்று உள்ளே போகும். அப்படியானால் அகலமான இடமாகப் பார்த்து நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் வளைந்துபோகும். ஆட்டோமேட்டிக் கார் என்றால் ‘டி’-யிலேயே விடாமல் ‘எல்’ அல்லது மேனுவலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கியர் இல்லாத ஸ்கூட்டரில் இரண்டு பேர் இறங்குவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். அதில் முழுப் பாரமும் பிரேக் மேல்தான்.

வளைவுகளில் மேலேறும் வண்டிக்கே முன்னுரிமை. பஸ் திரும்பச் சாலை முழுவதும் வேண்டும். ஹார்ன் சத்தம் கேட்டால் வளைவுக்கு முன்பே நின்றுவிடுவது உத்தமம். கோடை விழா நாட்களில் அடிவாரம் வழியாக ஏறி, குப்பனூர் வழியாக இறங்கும்படி ஒருவழியாக்குவார்கள். அடிவாரத்தில் கார் விட்டுவிட்டுப் பஸ்ஸில் ஏறலாம் என்று நினைப்பவர்கள் அன்றைக்குத் திரும்பும் வழியையும் விசாரித்துக்கொள்ளுங்கள். சோதனைச்சாவடியில் பிளாஸ்டிக் பை, கப் இருந்தால் வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஆகவே தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில்.

தங்க இடம் ஊருக்குள் ஒண்டிக்கடை ரவுண்டானாவுக்கும் ஏரிக்கும் இடையில் இருந்தால் வண்டியே தேவையில்லை. ஏரி, அண்ணா பூங்கா, ஓட்டல், மருந்துக்கடை எல்லாம் நடை தூரம். எஸ்டேட்டுக்குள் இருக்கும் வீடுகள் படத்தில் அழகாகத்தான் தெரியும். ராத்திரி எட்டு மணிக்குக் குழந்தைக்குப் பால் வேண்டுமென்றால்தான் அந்த இருட்டுச் சாலை எவ்வளவு தூரம் என்று புரியும். போனில் அறை பேசும்போது நான்கு கேள்வி கேளுங்கள்: வெந்நீர் எந்நேரமும் வருமா, காலையில் மட்டுமா, அறையைக் காலி செய்வது 24 மணிக் கணக்கா, பகல் 11 மணியா, கூடுதல் மெத்தைக்கு என்ன, வெள்ளிக்கிழமை ராத்திரிக்கு வாடகை மாறுமா. இணையத்தில் கிடைத்த நம்பருக்கு முன்பணம் முழுவதையும் அனுப்பிவிட்டு நிற்காதீர்கள்.

படகுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். சிறு பிள்ளைகளோடு மிதிபடகு வேண்டாம். காற்று எதிர்த்தால் அப்பா அம்மா மிதித்துக் கரை சேர்வதற்குள் நேரம் முடிந்துவிடும். ஆள் துடுப்புப் போடும் படகே சுகம். லைஃப் ஜாக்கெட்டைப் பிள்ளையின் அளவுக்குக் கேட்டு வாங்கி, கீழ்ப் பட்டையையும் பூட்டுங்கள். சட்டை மேலே தொங்கினால் அது காப்பாற்றாது.

மற்றபடி மலையைச் சுற்றிவரும் 32 கிலோமீட்டர் லூப் ரோட்டை ஒரு அரை நாளில் சுற்றலாம். டாக்சி, ஜீப் பேசும்போது எந்தெந்த இடம், எத்தனை மணி நேரம் என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். 5,326 அடியில் இருக்கும் சேர்வராயன் கோயில் ஒரு குகைதான். குனிந்துதான் போக வேண்டும், வெளியே விரியும் சமவெளிக்காகவே போகலாம். லேடீஸ் சீட் என்ற காட்சிமுனையை மாலைக்கு வைத்துக்கொண்டால் கீழே சேலம் விளக்கேற்றுவதைப் பார்க்கலாம். அங்கே தின்பண்டப் பையைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தால் குரங்கு விடாது. கிளியூர் அருவியில் கோடையில் தண்ணீர் இருக்காது. மழைக்குப் பின் போனாலும் இறங்கிய படிகளைத் திரும்ப ஏறுவது மூட்டுவலிக்காரர்களுக்கு ஆகாது. இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் ஆர்க்கிட் தோட்டம் 1963-ல் தொடங்கியது. பூச்சியைப் பிடித்துத் தின்னும் குடுவைச் செடியைப் பிள்ளைகளுக்கு அங்கே காட்டலாம். அரசு அலுவலகம் என்பதால் விடுமுறை நாளா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

காப்பிப்பொடி வாங்கும்போது பொட்டலத்தில் சிக்கரி எத்தனை சதவீதம் என்று பாருங்கள். 49 வரை கலக்கச் சட்டம் இடம் தருகிறது. மிளகை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல மிளகு அடியில் தங்கும், உள்ளீடு இல்லாத சாவி மிளகும் பப்பாளி விதையும் மிதக்கும்.

தங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒருவழிப்பாதை அறிவிப்பும் மண்சரிவால் பாதை மூடிய செய்தியும் சேலம் பக்கத்துப் பதிப்போடு நின்றுவிடுகின்றன. கர்நாடகப் பள்ளி விடுமுறை நாட்களிலாவது அவற்றைப் பெங்களூருப் பதிப்பிலும் முதல் நாளே வெளியிட்டால், ஓசூர் தாண்டிய பிறகு விஷயம் தெரிந்து திரும்புகிறவர்கள் குறைவார்கள்.

இப்படிக்கு,
அல்சூர் வாசகர்கள் சிலர்,
பெங்களூரு