புனலூர் நண்பருக்கு: தோள்வலியைப் பற்றிச் சில வார்த்தைகள்

செங்கோட்டை

அன்புள்ள சண்முகத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கொல்லத்தில் வேலை கிடைத்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் வலது தோள் இரவில் தூங்க விடுவதில்லை என்றும், கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டு வீங்கியிருக்கிறது என்றும் எழுதிவிட்டு, ஐம்பதைத் தாண்டினால் வரத்தானே செய்யும் என்று முடித்திருக்கிறாய். அதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

என் சலூனில் வேலை பார்க்கும் பையனுக்கு இருபத்தாறு வயதுதான் ஆகிறது. அவனுக்கும் இதே தோள், இதே மணிக்கட்டு. தென்காசியில் ஒரு பிசியோதெரபிஸ்ட் அம்மாவிடம் அழைத்துப் போனேன். முடி வெட்டுவதுபோல் நின்று காட்டச் சொன்னார். சீப்பும் கத்தரியும் இல்லாமலே அவன் கையைத் தூக்கினான்; முழங்கை தோள் மட்டத்துக்கு வந்து அங்கேயே நின்றது. கை 60 பாகைக்கு மேல் உயர்ந்து நிற்கும்போது தோள்மூட்டின் மேல் எலும்புக்கும் கை எலும்புக்கும் நடுவில் போகும் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நாண்) நெரிபடுகிறது என்றும், அசையாமல் தூக்கிப் பிடித்த தசைக்கு இரத்த ஓட்டம் குறைவதால் அது களைப்பிலிருந்து மீளவே நேரம் கிடைப்பதில்லை என்றும் விளக்கினார்.

கட்டைவிரல் வலி வேறு. அந்த விரலை இயக்கும் இரண்டு தசைநாண்கள் மணிக்கட்டில் ஒரே குறுகிய உறைக்குள் ஓடுகின்றன. கத்தரியைத் திறந்து மூடித் திறந்து மூடி அந்த உறை தடித்துப்போகிறது. டி குவர்வான் என்ற சுவிஸ் மருத்துவர் 1895-இலேயே எழுதிவைத்த நோய்தானாம் இது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் இரவில் மரத்துப்போய், கையை உதறினால் தேவலையாகிறது என்றால் அது மணிக்கட்டில் நரம்பு அழுந்துவதாக இருக்கலாம். நாள் கடத்தினால் கட்டைவிரலடிச் சதையே வற்றிவிடும். உனக்கு அப்படி ஏதும் இருக்கிறதா என்று மறைக்காமல் எழுது.

நாம் கண்ணாடிக்கும் விளக்குக்கும் ஏசிக்கும் கணக்குப் பார்க்காமல் செலவழிக்கிறோம். காலால் மிதித்தால் ஏறி இறங்கும் நாற்காலியை வாங்கிப் போட்ட கடைகளிலும், வாடிக்கையாளர் வந்து உட்கார்ந்த உயரத்திலேயே வேலை முழுவதும் முடிந்துவிடுகிறது. உச்சந்தலையை வெட்டும்போது நாற்காலி இறங்க வேண்டும், பிடரிக்கு வரும்போது ஏற வேண்டும். குழந்தையைக் கைப்பிடிகளின் மேல் பலகை போட்டு உட்கார வைக்கிறோம். அந்தப் பலகை தலையை எவ்வளவு உயர்த்தியதோ அதற்கேற்ப நாற்காலியை யாரும் இறக்குவதில்லை. நீ குனிவதைவிட, எதிரில் இருப்பவரைத் தலை சாய்க்கச் சொல்வது மரியாதைக் குறைவல்ல. காதோரத்துக்கும் பிடரிக்கும் சக்கரம் வைத்த முக்காலியில் உட்கார்ந்து வெட்டலாம், இடுப்புக்கும் காலுக்கும் சற்று ஓய்வு கிடைக்கும். மழுங்கிய கத்தரி ஒவ்வொரு வெட்டுக்கும் விரலிடம் கூடுதல் பலம் கேட்கிறது. சாணைக்குக் கொடுக்க யோசிக்காதே. ட்ரையர் பிடிக்கும்போது மணிக்கட்டை மடக்காமல் முழங்கையைத் தாழ்த்திக்கொள்.

மகரவிளக்கு முடிந்து, மாலை கழற்றிய சாமிமார் தாடியோடு வந்து காத்திருக்கும் நாட்களில் இடைவெளி என்பதே கிடையாது. இந்த முறை ஒருவரே தொடர்ந்து முடி வெட்டாமல், நடுநடுவே ஷேவிங் செய்யும்படி இருவருக்கும் வேலையை மாற்றி மாற்றிக் கொடுத்தேன். ஷேவிங்கில் தலை சாய்ந்திருப்பதால் கை தாழ்ந்து நிற்கிறது. பையன் மாத்திரை போடாமல் அந்த வாரத்தைக் கடந்தான்.

ஐரோப்பாவில் சலூன் முதலாளிகள் அமைப்பும் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2012-இலும் 2016-இலும் தொழிலாளர்களின் உடல்நலப் பாதுகாப்புக்கென்று உடன்பாடு செய்துகொண்டன. நம் சங்கக் கூட்டங்களிலோ கட்டணத்தை உயர்த்துவதைத் தவிர வேறு பேச்சில்லை. தொழில் பழக வருகிற பிள்ளைகளுக்கு முதல் நாளே நிற்கும் முறையைச் சொல்லித்தர வேண்டும் என்று நீ உங்கள் பக்கத்தில் பேசு, நான் இங்கே பேசுகிறேன்.

வலிக்கு ஊசி போட்டுக்கொண்டு அன்றே கடை திறக்காதே. எலும்பு மருத்துவரிடம் காட்டி, தோளுக்கான பயிற்சியைக் கேட்டு வாங்கிக்கொள். கடை அடைக்கும் செவ்வாய்க்கிழமை ஒன்றில் ரயிலேறி இங்கே வா. அந்த அம்மாவிடம் நானே அழைத்துப் போகிறேன். வரும்போது உன் கத்தரிகளையும் எடுத்து வா, தென்காசியில் நல்ல சாணைக்காரர் ஒருவர் இருக்கிறார்.

அன்புடன்,
இசக்கி