பாரத் கட்டடத்துக்கு ஒரு பாலிசி: எல்.ஐ.சி. நிர்வாகத்துக்குத் திறந்த மடல்

எல்.ஐ.சி. நிர்வாகத்தாருக்கு,

வணக்கம். தவறாமல் பிரீமியம் கட்டிவரும் பாலிசிதாரர் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

சென்னையில் அண்ணா சாலையும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும் சேரும் முனையில் இருக்கும் பாரத் இன்சூரன்ஸ் கட்டடம் உங்களுடையது. 1897-ல் டபிள்யூ. ஈ. ஸ்மித்தின் மருந்து வணிகத்துக்காக எழும்பியது. மருந்துக்கடைக்கு எதற்கு இத்தனை கோபுரமும் வளைவும் என்று கேட்கத் தோன்றும். அந்தப் படாடோபம்தான் எனக்குப் பிடித்தது. 1934-ல் பாரத் காப்பீட்டு நிறுவனம் வாங்கியது. 1956-ல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையானபோது உங்களிடம் வந்தது. 2006-ல் இடிக்கத் தொடங்கினீர்கள். பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பு உயர்நீதிமன்றம் போனது. இடிக்கக் கூடாதென்று 2010-ல் தீர்ப்பானது.

கடப்பாரை நின்றதே தவிர மழை நிற்கவில்லை. பழைய சென்னைக் கட்டடங்களில் தேக்கு உத்திரங்களின் மேல் செங்கல்லைச் சாய்வாக அடுக்கிச் சுண்ணாம்பில் பிணைத்துத் தளம் போடுவார்கள். மெட்ராஸ் டெரஸ் என்பது அதைத்தான். விரிசலில் நீர் இறங்கினால் முதலில் உளுத்துப்போவது, சுவருக்குள் புதைந்து கண்ணுக்குத் தெரியாத உத்திர முனை. அது போனபின் தளம் தானாக விழும். யாரும் இடித்ததாகக் கணக்கில் வராது.

கூப்பிடு தூரத்தில்தான் உங்கள் சொந்தக் கோபுரம். 1959-ல் திறந்த அந்த மாடிக் கட்டடத்தை வெளியூர்க்காரர்கள் அண்ணாந்து பார்த்து மாடிகளை எண்ணினார்கள். 1975-ல் அது தீப்பிடித்தபோது நீங்கள் அதைத் தரைமட்டமாக்கவில்லை, செப்பனிட்டீர்கள். தம்பிக்குச் செய்ததை அண்ணனுக்கும் செய்யலாமே! 'பழையதைச் சரிசெய்ய முடியாது' என்ற பேச்சும் செல்லாது. சேப்பாக்கத்தில் 2012-ல் எரிந்த, பழைய நவாப் அரண்மனையின் பகுதியான கலச மகாலைப் பொதுப்பணித்துறை மீட்டுக் கொடுத்தது. இன்று அங்கே பசுமைத் தீர்ப்பாயம் நடக்கிறது.

உங்கள் சின்னத்தில் இரு கைகள் விளக்கை அணையாமல் பொத்தியிருக்கின்றன. கீழே 'யோகக்ஷேமம் வஹாம்யஹம்', அதாவது 'யோகக்ஷேமத்தை நான் சுமக்கிறேன்' என்ற கீதை வாக்கு. இல்லாததைப் பெறுவது யோகம், இருப்பதைக் காப்பது க்ஷேமம் என்று கீதைக்கு உரை சொன்னவர்கள் பிரித்துக் காட்டுவார்கள். அந்த இடத்தில் புது அலுவலகக் கோபுரம் எழுப்பினால் வாடகை கொட்டும், மறுக்கவில்லை. அது யோகக் கணக்கு. க்ஷேமத்துக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

ஐப்பசி அடைமழைக்கு முன் மேல்தளத்தை மூடுங்கள். சுவரிடுக்கில் முளைக்கும் அரசங்கன்றுகளை வேரோடு எடுங்கள். பாரம்பரியக் கட்டடம் தெரிந்த பொறியாளர்களைக் கொண்டு சோதித்து, அந்த அறிக்கையை எங்கள் பார்வைக்கு வையுங்கள்.

இப்படிக்கு,
மவுண்ட் ரோட்டில் பஸ் ஏறி இறங்கும் ஒரு பாலிசிதாரர்