‘மேல்வீடு’ பாத்துட்டேன் பாப்பா

பாப்பா,

நீ காலேஜுக்காக எடுத்த பேய்ப்படம் பாத்தாச்சு. முதல்ல லேப்டாப்ல பாத்தேன், அப்புறம் லைட்ட அணைச்சிட்டு ஹெட்ஃபோன் போட்டு பாத்தேன், ஞாயித்துக்கிழம சித்தியையும் எதிர்வீட்டு அக்காவையும் கூப்ட்டு டிவில போட்டுட்டு நான் படத்த விட்டுட்டு அவங்க மூஞ்சிய பாத்துக்கிட்டு இருந்தேன். "அம்மாவா பாக்காத, டிக்கெட் வாங்கிட்டு வந்த ஆளா பாத்து சொல்லு, எவாலுவேஷன்ல எழுதணும்"னு கேட்டல்ல. போன்ல சொன்னா நீ நடுவுல நடுவுல "அதுக்கு ஒரு ரீசன் இருக்கும்மா"ன்னு ஆரம்பிச்சிடுவ, அதான் உக்காந்து டைப் பண்றேன். முழுசா படிச்சிட்டு அப்புறம் கூப்டு.

உன் படம் பயமுறுத்துது கண்ணு, உண்மையாவே. ஆனா போஸ்டரும் டிரெய்லரும் வேற எதையோ காட்டி பயமுறுத்தப் பாக்குது, அந்த வேற எதோ படத்தோட கடைசி மூணு நிமிஷத்துக்குள்ளயும் புகுந்துடுச்சு. நான் சொல்ல வர்றது இவ்ளோதான், ஆனா ஏன்னு சொல்லணும்ல.

அந்த அடுப்படி சீன். பொண்ணு தனியா நிக்கிறா, பக்கத்து வீட்டு குக்கர் விசில் அடிக்குது, காதுக்குள்ள ஒரு குரல் "இப்ப டம்ளர எடுக்கறா... கழுவறா... யாரோ பாக்கறாங்கன்னு திரும்பறா"ன்னு ரேஷன் கடைல பேர் வாசிக்கிற மாதிரி ஒரு ஏத்த இறக்கம் இல்லாம சொல்லிக்கிட்டே போகுது. மியூசிக் இல்ல, கேமரா அசையல. சித்தி கைல இருந்த மிக்சர் அப்படியே நின்னுடுச்சு. நீ இத எங்கேர்ந்து புடிச்சன்னு தெரியாது, ஆனா இது அப்படியே நிஜம்டி. கர்ட் ஷ்னைடர்னு ஒரு ஜெர்மன் டாக்டர் மனச்சிதைவு நோய்க்கு, அதான் ஸ்கிசோஃப்ரீனியாவுக்கு, முக்கியமான அறிகுறின்னு எழுதி வச்ச லிஸ்ட்ல இது இருக்கு, நாம செய்றத எல்லாம் ஒரு குரல் கூடவே சொல்லிக்கிட்டு வர்றது. பேய்ப்படத்துல எல்லாரும் உருவத்தக் காட்டுவாங்க, ஆனா இந்த நோய்ல உருவம் தெரியறத விட குரல் கேக்கறதுதான் ரொம்ப அதிகம். கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரில பெண்கள் வார்டுல நைட் ட்யூட்டி பாக்கறப்ப நான் கேட்டதெல்லாம் குரல் கதைங்கதான். அந்தக் குரல் கத்தாது. கத்தினாக்கூட பரவால்ல சிஸ்டர், சும்மா சொல்லிக்கிட்டே இருக்கு, அதான் தாங்க முடியலன்னு சொல்வாங்க.

அதனால அந்த ஒன்றரை நிமிஷத்துல கை வைக்காத. உன் கைடு மியூசிக் போடச் சொன்னாக்கூட போடாத. 1954லயே எஸ். பாலசந்தர் பாட்டே இல்லாம ‘அந்த நாள்’ எடுத்தாரு, அவரே பெரிய வீணை வித்வான், சங்கீதம் தெரியாத ஆளா, எங்க வேணாம்னு தெரிஞ்ச ஆளு.

ஃபேன் விஷயம் ஒண்ணு. படம் முழுக்க அந்தப் பொண்ணுக்கு வேர்த்து ஊத்துது, மைக்ல சத்தம் விழும்னு ஃபேன நிறுத்தி ஷூட் பண்ணிருக்கீங்கன்னு புரியுது. ஆனா அயனாவரத்துல பாட்டி ஃப்ளாட்ல, மே மாசத்துல, ஒரு மனுஷி ஃபேன் போடாம உக்காந்திருந்தா பாக்கறவங்களுக்கு உறுத்தும், எதிர்வீட்டு அக்கா மொத கேட்ட கேள்வியே "ஏன் கரண்ட் இல்லயா"ன்னுதான். அதையே கதைக்குள்ள கொண்டு வந்துடு. ஃபேன் சத்தத்துக்குள்ள, குழாய்ல தண்ணி விழற சத்தத்துக்குள்ள பேச்சு கேக்குதுன்னு சொல்றவங்கள நான் பாத்திருக்கேன், ராத்திரி எந்திரிச்சு வந்து ஃபேன நிறுத்துங்க சிஸ்டர்னு கேப்பாங்க. அவ ஃபேன நிறுத்தற மாதிரி ஒரே ஒரு ஷாட் எடு. ஃபேன் நிக்க நிக்க குரல் குறையணும், முழுசா நின்னதும் ஒரு நாலு செகண்ட் நிம்மதியா இருக்கணும், அதுக்கப்புறம் குரல் மறுபடி தெளிவா வரணும். அப்புறம் அவ வேர்வைக்கு யாரும் காரணம் கேக்க மாட்டாங்க.

இன்னொண்ணு, அவள முனக வை. வாய மூடிக்கிட்டு ஏதோ ஒரு மெட்ட முனகிக்கிட்டே இருக்கறது, ரேடியோவ காதுகிட்ட வச்சுக்கறது, இதெல்லாம் குரல அமுக்கறதுக்கு அவங்களே கண்டுபிடிச்சு செய்ற வேலைங்க, நெறய பேருக்கு கொஞ்சம் உதவவும் செய்யுது. நீ அவள கத்த விடற, தலைய பிடிச்சுக்க விடற, அதெல்லாம் சினிமால பாத்துப் பாத்து வந்தது. கூட்டமான பஸ்ல உக்காந்து ஒருத்தி சின்னதா முனகிக்கிட்டே வர்றா, பக்கத்து சீட்டுக்காரங்க திரும்பிப் பாக்கறாங்க, அவ நிறுத்தப் போறா, நிறுத்த முடியல. இத எழுதறப்பவே எனக்கு வயித்தப் பிசையுது.

படுக்கைல அசைய முடியாம கெடக்கற சீனும் பிடிச்சிருந்துது. நம்ம பாட்டி அமுக்குவான் பேய்னு சொல்வாங்கல்ல அதேதான். கனவு வர்ற தூக்கத்துல உடம்பு தசையெல்லாம் கட்டிப்போட்ட மாதிரி ஆயிடும், மூளை கொஞ்சம் முன்னாடி முழிச்சுக்கிட்டா கண்ணு தெறந்திருக்கும் கை கால் வராது, நெஞ்சு மேல யாரோ உக்காந்திருக்காங்கன்னு தோணும். எந்த நோயும் இல்லாதவங்களுக்கும் வரும். அதுல நீ உருவத்த சரியா காட்டாம ஜன்னல் நிழல வச்சே முடிச்ச பாரு, சபாஷ்.

இப்ப கடைசி மூணு நிமிஷத்துக்கு வர்றேன்.

மேல்வீடு காலியா இருக்குன்னு வாட்ச்மேன் சொல்ற வரைக்கும் படம் அவளோட தலைக்குள்ள இருக்கு, நாங்களும் அவளோட சேந்து பயப்படறோம். அதுக்கப்புறம் திடீர்னு கேமரா வெளிய வந்துடுது. வெள்ளப்புடவை உருவம் டமால்னு வருது, சித்தி ஒரு குதி குதிச்சிட்டு உடனே சிரிச்சிட்டா, பக்கத்துல பேச ஆரம்பிச்சிட்டா, நீ பத்து நிமிஷம் சேத்து வச்ச பயம் அந்த சிரிப்போட போச்சு. அப்புறம் அவ அருவாமனைய எடுத்துக்கிட்டு பக்கத்து வீட்டுக் குழந்தைய பாத்து நடக்கறா. அப்புறம் கருப்பு ஸ்க்ரீன்ல "அவளுக்குள் இருவர். மனச்சிதைவு நோய்"னு எழுத்து.

பாப்பா, அது தப்பு. ஒருத்தருக்குள்ள ரெண்டு மூணு ஆளு இருக்கற மாதிரி வர்றது வேற ஒரு பிரச்சனை, அதுக்கு வேற பேரு. மனச்சிதைவுன்னா அது இல்ல. உலக சுகாதார நிறுவனம் கணக்குப்படி உலகத்துல சுமாரா 300 பேர்ல ஒருத்தருக்கு இந்த நோய் இருக்கு, அப்படின்னா உன் படம் ஓடற அரங்கத்துலயே அண்ணனுக்கு இருக்கறவன், அம்மாவுக்கு இருக்கறவ, தனக்கே இருந்து மாத்திரை சாப்பிட்டுக்கிட்டு யார்கிட்டயும் சொல்லாம காலேஜ் வர்ற பிள்ளை, யாராவது உக்காந்திருக்கலாம். இந்த நோய் இருக்கறவங்க பெரும்பாலும் யாரையும் எதுவும் பண்றதில்ல, அவங்கதான் அடி வாங்கறாங்க, ஏமாத்தப்படறாங்க, வீட்ட விட்டு துரத்தப்படறாங்க. அந்த அருவாமனை ஷாட்டுக்கு முன்னாடி வரைக்கும் நீ அவள எங்களுக்கு சொந்தக்காரியாக்கி வச்சிருந்த, ஒரே ஷாட்ல எங்கள அவகிட்டேர்ந்து ஓட வச்சிட்ட. கதையாவே அது நஷ்டம்டி. யாரப் பாத்து பயந்தோமோ அது குரல், இப்ப அவளையே பாத்து பயப்படச் சொல்ற.

விளக்க கார்டும் வேணாம். ஹிட்ச்காக்கோட 1960 ‘சைக்கோ’லயே கடைசில ஒரு டாக்டர் வந்து எல்லாத்தையும் நீளமா விளக்குவாரு, அவ்ளோ பெரிய படத்துலயே எனக்கு இழுக்கற இடம் அது. உனக்கு 12 நிமிஷம்தான் இருக்கு. வாட்ச்மேன் "மேல யாரும் இல்லம்மா, ரெண்டு வருஷமா பூட்டிக் கெடக்கு"ன்னு சொல்றான், அவ மாடிப்படில நிக்கிறா, குரல் "இப்ப நம்பலாமா வேணாமான்னு யோசிக்கறா"ங்குது. கட். அவ்ளோதான் முடிவு. இத எழுதிக் குடுத்தேன்னு பேரு போட வேணாம், எடுத்துக்கோ.

போஸ்டருக்கு வர்றேன், இதுலதான் எனக்கு ராத்திரி தூக்கம் வரல. சங்கிலி கட்டின கை, பின்னாடி கம்பி ஜன்னல், ரத்தக் கலர்ல எழுத்து, கீழ "கீழ்ப்பாக்கம் கேஸ் ஒண்ணு தப்பிச்சிருச்சு".

படத்துல சங்கிலியே இல்லயே, எங்கேர்ந்து வந்துச்சு? 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியக்காலைல ராமநாதபுரம் ஏர்வாடில ஒரு தனியார் காப்பகத்துல தீப்பிடிச்சுது, அங்க இருந்தவங்கள சங்கிலில கட்டி வச்சிருந்தாங்க, ஓட முடியல, 28 பேர் செத்துப் போனாங்க. நீ அப்ப பொறக்கவே இல்ல. எங்க செட் நர்ஸுங்களுக்கு சங்கிலின்னா அதுதான் ஞாபகம் வரும். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்துல எந்த விதத்துலயும் சங்கிலி போடக்கூடாதுன்னு தெளிவா எழுதி வச்சிருக்காங்க, அதுக்கு எவ்ளோ பேரோட சாவு தேவைப்பட்டிருக்கு பாரு. அத வெறும் டிசைனா போடாத கண்ணு, உனக்குத் தெரியாம போட்டதுன்னு எனக்குத் தெரியும், இப்ப தெரிஞ்சிடுச்சுல்ல.

கீழ்ப்பாக்கம்ங்கறது மெட்ராஸ்ல எல்லார் வாயிலயும் கிண்டலா வர்ற வார்த்த, நீயும் ஸ்கூல்ல கேட்டு கேட்டு வளந்தவ, அம்மா எங்க வேலன்னு சொன்னா பசங்க சிரிப்பாங்கன்னு ஒரு தடவ அழுதுட்டு வந்தியே. 1794லேர்ந்து இருக்கற ஆஸ்பத்திரி அது. இந்த டேக்லைன் உன் படத்த பாக்க வர்றவனுக்கு ஒரு விஷயத்த முன்கூட்டியே சொல்லிடுது, இவ நம்ம ஆளு இல்ல, பாத்து ஒதுங்கிக்கோன்னு. படம் சொல்றது அதுக்கு நேர் எதிர். அப்ப போஸ்டர் படத்துக்கு பொய் சாட்சி சொல்ற மாதிரி ஆகுது. உன் டார்கெட் ஆடியன்ஸ்னு 18லேர்ந்து 25ன்னு எழுதிருக்க, அவங்களுக்கு ரத்தம் புதுசா என்ன, போன்ல ஸ்க்ரோல் பண்ணிட்டுப் போயிடுவாங்க. அந்த குக்கர் அடுப்படில அவ முதுகு மட்டும், மேல சீலிங்ல நின்னு போன ஃபேன், எங்கயும் ரத்தம் இல்ல, பாதி எடம் காலியா இருக்கட்டும், மேல்வீடுங்கற எழுத்து மேல் ஓரத்துல பாதி வெட்டுப்பட்ட மாதிரி வரட்டும். டேக்லைன் குரலோட வரியா வை, "இப்ப இத படிக்கறாங்க". படிக்கறவன் ஒரு செகண்ட் நிப்பான் பாரு. நடிச்ச பசங்க பேரு அடில ரொம்ப பொடியா இருக்கு, அவங்க வேர்வைல நின்னு நடிச்சிருக்காங்க, கண்ணுக்குத் தெரியற மாதிரி போடு.

டிரெய்லர் ஒண்ணேகால் நிமிஷம், அதுல வாட்ச்மேன் டயலாக், வெள்ளப்புடவை, அருவாமனை எல்லாம் வந்துடுச்சு, மிச்சம் என்ன இருக்கு? நான் முன்னாடி சொன்ன ஹிட்ச்காக் படத்துக்கு டிரெய்லர்ல அவரே அந்த வீட்டயும் மோட்டலயும் சுத்திக் காட்டிக்கிட்டே வருவாரு, இங்க இது நடந்துச்சு அங்க அது நடந்துச்சுன்னு பாதி பாதி சொல்லி நிறுத்திடுவாரு, படம் ஆரம்பிச்சப்புறம் யாரையும் உள்ள விடாதீங்கன்னு தியேட்டர்காரங்களுக்கும் சொல்லி வச்சாரு. உனக்கு அவ்ளோ ஆர்ப்பாட்டம் வேணாம். 40 செகண்ட் போதும், காலி வீடு, குரல் மட்டும், மேலேர்ந்து எதையோ இழுக்கற சத்தம், டைட்டில். அந்த டவுன்லோட் பண்ணின ‘டும்ம்ம்’ சத்தத்த எடுத்துடு, எல்லா டிரெய்லர்லயும் கேக்கறதுதான் அது.

சவுண்ட்ல ஒரு சின்ன குறை, ஷாட் மாறும்போதெல்லாம் வீட்டோட சத்தம் கட்டாகி கட்டாகி வருது, ஒரு ஷாட்ல தூரத்து ஆட்டோ ஹாரன் இருக்கு அடுத்ததுல ஒண்ணுமே இல்ல. காதுல நடக்கற படம் இது, அங்க தையல் தெரியக்கூடாது. பாட்டி ஃப்ளாட் சாவி என்கிட்டதான் இருக்கு, நீ அங்கேர்ந்து வர வேணாம், ராத்திரி எல்லாரும் தூங்கினப்புறம் போன அங்க வச்சு ஹால்லயும் அடுப்படிலயும் பத்து பத்து நிமிஷம் சும்மா ரெக்கார்ட் பண்ணி அனுப்பறேன், எல்லா ஷாட்டுக்கும் அடில அத ஓட விடு. ஃபேன் நிக்கற சத்தமும் தனியா எடுத்து அனுப்பறேன்.

சப்மிஷன் 24ஆம் தேதின்னு சொன்ன. புது போஸ்டர வாட்ஸ்அப்ல போடாத, கருப்பெல்லாம் சாம்பலாத் தெரியுது, மெயில்ல பி.டி.எஃப்பா அனுப்பு. வார்டுல என் கூட வேல பாத்த ரெண்டு சிஸ்டருங்ககிட்டயும் காட்டி அவங்க என்ன சொல்றாங்கன்னு எழுதறேன், உன் ஆடியன்ஸ் ஃபீட்பேக்ல சேத்துக்கலாம்.

சாப்டு, தூங்கு.

அம்மா